தரையில் ஒட்டிய மெழுகும் தவழும் குழந்தையும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, சாப்பிட்டுக் கையலம்பிக் கொண்டிருந்தபோது அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. பேசியவர் என்னிடம் இருபது வருடமாக மூட்டுவலிக்கு மருந்து வாங்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக டெக்சாஸ் போயிருந்தார். மூட்டு எப்படி இருக்கிறது என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, மெழுகுக் கறை போறதுக்கு நம்ம வைத்தியத்துல ஏதாவது இருக்கா? என்னத்தப் போட்டாலும் போக மாட்டேங்குது. ரெண்டு நாளா தேய்ச்சுத் தேய்ச்சுத் தோள்பட்டை விட்டுப் போச்சு."

என்ன மெழுகு டீச்சரம்மா, மெழுகுவத்தியா என்று கேட்டேன். அதுதான் இல்லை. மருமகனுக்குத் துப்பாக்கி சுடுவது பொழுதுபோக்கு. அந்த நாட்டில் அது சட்டப்படியான விஷயம். கடையில் வாங்கினால் விலை அதிகம் என்று கார் நிறுத்தும் கொட்டகையிலேயே ஈயத்தை உருக்கித் தோட்டா வார்க்கிறாராம். வார்த்த தோட்டாவுக்கு மெழுகு போன்ற ஒரு மசகைப் பூசுவார்களாம். அது மேஜையில், கருவியில், சிமெண்டுத் தரையில் எல்லாம் சிந்தி, மிதித்து, அப்பி, கறுத்துக் கிடக்கிறது. "பெரிய பேத்தி தவழ்ந்துக்கிட்டே அங்க போயிடுது தம்பி. வழுக்கி விழுந்துரக் கூடாதேன்னுதான் சுத்தம் பண்ண ஆரம்பிச்சேன்" என்றார்.

எனக்கு வழுக்கலைப் பற்றிய கவலை இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் கேட்டது, "விளக்குமாறு போட்டுக் கூட்டினீங்களா?" என்பதுதான். "கூட்டாம பின்னே?" என்றார். இனிமேல் கூட்டவே கூட்டாதீர்கள் என்று சொல்லி, மறுநாள் காலை அரை மணி நேரம் விளக்கிச் சொன்னேன். அதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். தோட்டா நம் வீடுகளில் இல்லை என்றாலும், மெழுகும் கிரீஸும் கலந்த பிசுக்கு லேத் பட்டறையிலிருந்து சைக்கிள் கடை வரை எல்லா இடத்திலும் உண்டு. மெழுகுவத்தி வார்க்கும் குடிசைத் தொழில் செய்கிறவர்களுக்கும் இது தலைவலிதான்.

மெழுகின் குணம்

தோட்டாவுக்கு ஏன் மசகு? ஈயம் மிருதுவான உலோகம். துப்பாக்கிக் குழலுக்குள் அதிவேகமாக உரசிப் போகும்போது குழலின் உள்பக்கத்தில் ஈயம் அப்பிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் தோட்டாவின் பள்ளங்களில் மெழுகை நிரப்புகிறார்கள். அமெரிக்காவில் வெகுகாலமாகப் பழகிவரும் ஒரு சேர்மானம், தேன்மெழுகு பாதி, 'ஆலாக்ஸ்' என்னும் பெட்ரோலியப் பொருள் பாதி. சிலர் மாட்டுக் கொழுப்பும் சேர்ப்பார்கள். இது இன்று நேற்று வந்ததல்ல. 1857-இல் சிப்பாய்கள் கொதித்தெழுந்த சம்பவம் உங்களுக்குப் பள்ளிப் பாடமாக இருந்திருக்கும். என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதில் தடவியிருப்பது பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்று பேச்சுப் பரவியது. அன்றைக்கும் பிரச்னை, மசகு வாய்க்குள் போவதுதான். இன்றைக்கும் அதேதான், காரணம் மட்டும் வேறு. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகும். கொழுப்பு சேர்ந்தால் அதற்குக் குறைந்த சூட்டிலேயே இளகும். தண்ணீருக்கும் அதற்கும் ஜென்மப் பகை. வெறும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் முத்து முத்தாய்த் திரண்டு ஓடுமே தவிர மெழுகை அசைக்காது. எண்ணெயில் மட்டும் இளகிக் கரையும். இந்த மூன்று குணம்தான் நமக்குக் கிடைத்த மூன்று சாவி. குளிர்ந்தால் இறுகி நொறுங்கும், சூட்டில் இளகும், எண்ணெய்ப் பசை உள்ள திரவத்தில் கரையும். சோப்பு கடைசியில்தான் வரவேண்டும். டீச்சரம்மா செய்தது போல முதலிலேயே சோப்பைப் போட்டால் கை வலிப்பதுதான் மிச்சம்.

நான் பட்ட பாடு

இதெல்லாம் கல்லூரியில் படித்து வந்த அறிவு என்று நினைத்துவிடாதீர்கள். சித்த மருத்துவத்தில் புறமருந்துகள் 32 வகை. அதில் களிம்பும் ஒன்று. எண்ணெயைக் காய்ச்சி, தேன்மெழுகு சேர்த்து, சூடாக இருக்கும்போதே வடித்து, ஆறும்வரை கிண்ட வேண்டும். என் மருந்து அறையில் வாரம் ஒரு தடவை களிம்பு காய்ச்சும் வழக்கம் உண்டு. 2003-இல் ஒரு நாள், கிண்டிய சட்டி சரிந்து தரையெல்லாம் களிம்பு. உதவிக்கு இருந்த பையன் நல்ல எண்ணத்தில்தான், கொதிக்கக் கொதிக்க ஒரு அண்டாத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினான். மெழுகு உருகி அறை முழுக்கப் பரவியது. தண்ணீர் ஆறியதும் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாக உறைந்தது. பாதி சாக்கடைக்குள் போய், குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொண்டது. ஒரு முழங்கை அகலத்தில் இருந்த கறையை அறை அளவுக்குப் பெருக்கிவிட்டோம். அரை மணி நேரத்தில் அந்தப் பையனே அதில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. அவன் சம்பளத்தையும் வைத்தியச் செலவையும் நான்தான் கொடுத்தேன், கொடுக்க வேண்டியதுதானே. தப்பு என்னுடையது. மெழுகு சிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லித் தரவே இல்லை.

ஆகவே முதல் பாடம்: கொட்டின இடத்தில் கொதிநீர் ஊற்றாதீர்கள். பிறகு என்ன செய்வது? உடம்பில் ஒரு கட்டியைக் கையாளுகிற மாதிரியே கையாளலாம். ஒற்றடம், பற்று இரண்டும் தரைக்கும் பொருந்தும்.

தரைக்கு வைத்தியம்

தடிமனாக அப்பியிருப்பதை முதலில் எடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டுக் கட்டி, மெழுகின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். கல் போல இறுகியதும் ஒரு பிளாஸ்டிக் தகட்டாலோ மரக் கரண்டியாலோ பக்கவாட்டில் நெம்பினால் பத்தை பத்தையாகக் கிளம்பும். இரும்புச் சுரண்டி வேண்டாம். சிமெண்டில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலுக்குள் மெழுகு புகுந்துகொள்ளும்.

மிச்சம் இருக்கும் படலத்துக்கு ஒற்றடம். பழைய செய்தித்தாளை நாலாக மடித்து அதன்மேல் வைத்து, வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையை அழுத்தி வையுங்கள். இடுப்பு வலிக்கு வைக்கிறோமே, அதே பைதான். மெழுகு இளகித் தாளில் ஏறும். தாளை மாற்றி மாற்றி, கறை ஏறாமல் வரும்வரை செய்யுங்கள். சுத்தத் தேன்மெழுகாக இருந்தால் பையின் சூடு போதாது. இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில், தாளின் மேல் மட்டும் வைத்து எடுக்கலாம். ஊதுவிளக்கை வைத்து உருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெருப்பையும் மெழுகையும் நேருக்கு நேர் சந்திக்க விடாதீர்கள்.

அடுத்து, பெயிண்டுக் கடையில் கிடைக்கும் மினரல் டர்ப்பன்டைனைத் துணியில் சிறிது நனைத்து, வெளியிலிருந்து உள்நோக்கித் துடையுங்கள். உள்ளிருந்து வெளியே துடைத்தால் கறை விரியும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றும் ஆவியை விடக்கூடியது. டர்ப்பன்டைன் வகை ஏறக்குறைய 38 டிகிரிக்கு மேல்தான் அப்படி விடும். ஆனால் டெக்சாஸ் கோடையில் கொட்டகைச் சூடு 38-ஐத் தாண்டிவிடும், நம் ஊர்த் தகரக் கூரைப் பட்டறையும் அப்படித்தான். ஆகவே காலையிலேயே வேலையை முடியுங்கள். இன்னொன்று, அந்த நாட்டில் பல வீடுகளில் வெந்நீர் போடும் எரிவாயுக் கொதிகலன் கார்க் கொட்டகையிலேயே இருக்கும். சிலவற்றில் சின்னச் சுடர் ஒன்று எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். ஆவி தரையோடு தவழ்ந்து போய் அந்தச் சுடரைத் தொட்டால் போதும். "முதல்ல அதை அணைக்கச் சொல்லுங்க மாப்பிள்ளையை" என்றேன்.

இவ்வளவுக்குப் பிறகுதான் சோப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் கலந்து தேய்த்துத் துடையுங்கள். அந்தத் துணியை அலச வேறு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் எடுத்த பிசுக்கையே திரும்பப் பூசுகிறீர்கள். டீச்சரம்மா சீயக்காய் போடலாமா என்றார். சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் நுரைத்து எண்ணெயைப் பிரிக்கும் சக்தி உண்டு, உண்மைதான். எண்ணெய் தேய்த்த தலைக்கு அது போதும். இறுகிய மெழுகுக்குப் போதாது.

சிமெண்டு துளையுள்ள பொருள் அல்லவா? உள்ளே இறங்கிய கறை மேலே துடைத்தால் வராது. அதற்குத்தான் பற்று. நாட்டு மருந்துக் கடையில் முகத்துக்குப் பூச வாங்குகிறீர்களே, முல்தானி மட்டி, அதை டர்ப்பன்டைனில் இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, கறையின் மேல் அரை அங்குலக் கனத்துக்கு அப்புங்கள். பாலித்தீன் தாளால் மூடி ஓரங்களை ஒட்டி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டால், காயும்போது மண் கறையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். வீக்கத்துக்குப் போட்ட பற்று காய்ந்து இறுகுகிற மாதிரியேதான் இதுவும் இறுகும். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை போடுங்கள்.

மெழுகுக்குள் ஒளிந்திருப்பது

இதுவரை சொன்னது சாதாரண மெழுகுப் பிசுக்குக்கு. தோட்டாப் பட்டறை மெழுகுக்கு ஒரு படி மேலே போக வேண்டும். அந்த மெழுகு ஏன் கறுத்திருக்கிறது? அதில் காரீயம் இருக்கிறது. மெழுகுக்குள் யாரும் கலந்ததல்ல. காரீயம் 327 டிகிரியில் உருகும்போது மேலே ஆடை போலத் துரு படியும். அதை வழித்துப் போடும்போது பொடி பறக்கும். தோட்டாவைக் கருவியில் அழுத்தும்போது துகள் உதிரும். சிந்திய மெழுகு ஈக்குத் தேன் போல, இந்தத் துகளையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. செருப்பில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வருகிறது.

இங்கே ஒரு குழப்பம் வரும். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். இது காரீயம். (மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் ஈயச் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம். நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.)

காரீயம் தோல் வழியாக அதிகம் ஏறாது. வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். தவழும் குழந்தை என்ன செய்யும்? தரையில் கை வைக்கும், அதே கையை வாயில் வைக்கும். விழுங்கிய காரீயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப் போல நாலைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்றும் அதுதான் சொல்கிறது. வளரும் மூளையையே அது தொடுகிறது. படிப்பில் மந்தம், கவனக் குறைவு, சோகை என்று பின்னால் தெரியவரும். அன்றைக்கு வாந்தியோ காய்ச்சலோ வந்து எச்சரிக்காது. அதுதான் ஆபத்து.

அதனால்தான் விளக்குமாறு கூடாது என்றேன். உலர்ந்த தரையைக் கூட்டினால் துகள் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மூச்சில் கலக்கும். சாதாரண வேக்குவம் கிளீனரும் பின்பக்கம் வழியாகத் துகளை ஊதிவிடும். முடி உலர்த்தும் கருவியால் மெழுகை இளக்குவதும் இங்கே வேண்டாம். எதைச் செய்தாலும் தரை ஈரமாக இருக்கட்டும். ஐஸ் வைத்து நெம்பும்போதும் காய்ந்த பற்றை எடுக்கும்போதும் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். இன்னொரு நம்மூர்ப் பழக்கம், கறை என்றால் புளி, எலுமிச்சை, வினிகர் போடுவது. பித்தளைக்குச் சரி. காரீயத் துருவைப் புளிப்பு கரைத்து, உடம்பு எளிதில் ஏற்கும் உப்பாக மாற்றிவிடும். சாக்கடை அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாவும் கூடாது. கையைப் பொசுக்கும், அலுமினிய அச்சையும் அரித்துத் தின்னும்.

துடைத்த துணி, தாள், பற்று மண் எல்லாவற்றையும் தடித்த பையில் கட்டித் தனியாக வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். டர்ப்பன்டைன் நனைந்த துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போடுவது நல்லது. வேலை செய்தபோது போட்டிருந்த உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கருவி மருமகன் பொறுப்பு. அதை டீச்சரம்மா தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். மசகு அறையில் உறைந்திருப்பதை ஐஸ்கிரீம் குச்சியால் வழித்து, கழற்றிய பாகங்களை மூடியுள்ள டப்பாவில் டர்ப்பன்டைனில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, துரு ஏறாமல் மெஷின் ஆயில் ஒரு சொட்டுத் தடவினால் ஆயிற்று. காற்றுக் குழாயால் ஊதக்கூடாது. சமையல் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது.

கைகளைப் பற்றி

லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பி என்னிடம் இரு கையும் பாளம் பாளமாக வெடித்து வந்தார். தினம் சாயங்காலம் பெட்ரோலில் கை கழுவுகிற வழக்கம். பெட்ரோல் கிரீஸை மட்டுமா எடுக்கும்? தோலில் இயற்கையாக ஊறும் எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். களிம்பு கொடுத்தேன், குணமாகவில்லை. பெட்ரோலை நிறுத்தச் சொன்ன பிறகுதான் களிம்பு வேலை செய்தது. கையில் மெழுகோ கிரீஸோ ஒட்டினால் முதலில் காகிதத்தால் துடைத்து எடுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய் தேய்த்து மறுபடி துடையுங்கள். எண்ணெயில் மெழுகு இளகி வந்துவிடும். அதற்குப் பின் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். நகக்கண்ணை மறக்காதீர்கள். கை கழுவாமல் வெற்றிலை, பீடி, டீ கிளாஸ் எதையும் தொடக்கூடாது.

"ஈயத்தை முறிக்க ஏதாவது சூரணம் குடுங்களேன் தம்பி" என்று கேட்டார் டீச்சரம்மா. நான் சித்த மருத்துவன். உலோகங்களைச் சுத்தி செய்து மருந்தாக்கும் முறையைப் படித்தவன். அதனால்தான் உறுதியாகச் சொன்னேன், கிடையாது. குழந்தை ரத்தத்தில் ஏறிய காரீயத்தை வீட்டு மருந்தால் இறக்க முடியாது. அப்படி ஒரு லேகியம் இருக்கிறது என்று எவராவது விற்றால் வாங்காதீர்கள். குழந்தைக்கு இடும் சுர்மா போன்ற மைகளிலும் காரீயம் இருப்பதுண்டு, அதையும் தவிர்த்துவிடுங்கள். செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. அமெரிக்காவில் 2021 முதல் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள். மிக அதிகமாக இருந்தால் மருத்துவமனையில் கொடுக்க மருந்து உண்டு. நாம் செய்யக்கூடியது சாப்பாடு. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய், பசித்த வயிறாக விடாமை. இவ்வளவுதான் என் மருந்துச் சீட்டு.

பரிசோதனையில் குழந்தைக்கு அந்த அளவைச் சற்றே தாண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்களாம். பிரசவித்த மகளுக்கும் பார்த்தார்கள். பால் கொடுக்கத் தடையில்லை என்று அங்குள்ள மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை இரண்டு சனிக்கிழமை முழங்கால் போட்டுத் தரையைத் துடைத்து, பற்றும் இரண்டு தடவை போட்டாராம். உருக்கும் அடுப்பை வீட்டை விட்டே எடுத்துவிட்டார். பழுப்பாக ஒரு நிழல் மட்டும் போகவில்லை என்று டீச்சரம்மாவுக்குக் குறை. துடைத்துக் காய்ந்த சிமெண்டுக்கு எபாக்சி பெயிண்டு இரண்டு கை அடித்துவிட்டால் துளை அடைபடும். பிறகு ஈரத்துணியால் துடைத்தாலே போதும் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கதவுக்குக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் போடச் சொன்னேன். போட்டாயிற்றாம்.